மருந்து கொடுத்த குற்றம்

மறைபரப்பு ஞாயிறை முன்னிட்டு நம் பங்கின் மறைக்கல்விச் சிறுவர்களுக்கு ஆப்பிரிக்கக் கண்டத்தின் வரைபடத்தை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தோம். "ஜிம்பாப்வே எங்கே இருக்கிறது?" என்று கேட்டதும் ஒரு சிறுவன் எழுந்து ஓடிவந்து சரியாக விரல் வைத்தான். உனக்கு எப்படித் தெரியும் என்று வினவினோம். "கிரிக்கெட் விளையாடுவார்களே, சாமி!" என்றான். அவனைக் குறை கூற நமக்கு ஏது தகுதி? 17 ஓட்டங்களுக்கு 5 பேரை இழந்து தவித்த இந்திய அணியைக் கபில் தேவ் 175 ஓட்டங்கள் குவித்துக் கரையேற்றிய 1983-ஆம் ஆண்டு ஆட்டத்தின் வழியாகத்தான் நம் செவியிலும் அந்நாட்டின் பெயர் முதன்முதலாக விழுந்தது. அன்று எதிரணியில் ஆடியவர்களுள் பெரும்பாலோர் வெள்ளையர். ஆப்பிரிக்க நாட்டின் அணியில் ஆப்பிரிக்கர் எங்கே என்று கேட்க அப்போது நமக்குத் தோன்றவில்லை. அக்கேள்விக்கு விடை தேடிப் பின்னாளில் படிக்கத் தொடங்கியபோது, அந்நாட்டு விடுதலையின் வரலாறும் அங்குள்ள நம் திருச்சபையின் வரலாறும் பிரித்தெடுக்க இயலாதவாறு பின்னிக் கிடப்பதைக் கண்டோம். அதைக் குடும்பத்தாரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

முதலில் நமக்குப் பெருமை தராத செய்தியைச் சொல்லிவிடுவோம். 1888-ஆம் ஆண்டில் ந்டெபெலே மக்களின் அரசர் லொபெங்குலாவிடம், செசில் ரோட்ஸ் என்னும் ஆங்கிலச் செல்வரின் ஆட்கள் ஓர் ஒப்பந்தத்தில் முத்திரை பெற்றனர். மாதம் 100 பவுன் பணம், 1,000 துப்பாக்கிகள், சாம்பேசி ஆற்றில் ஓட ஒரு படகு. இவற்றுக்கு ஈடாக நாட்டின் கனிமங்கள் அனைத்தின் உரிமை! பத்து வெள்ளையருக்கு மேல் வரமாட்டார்கள் என்று வாய்மொழியாகக் கொடுத்த வாக்கு ஏட்டில் ஏறவில்லை. எழுதப்படிக்கத் தெரியாத அரசருக்கு அந்த ஏட்டை மொழிபெயர்த்துச் சொன்னவர் ஆங்கிலேயப் பிரிவினைச் சபையொன்றின் போதகர். நம்மவர் அல்லர் என்று பெருமூச்சு விடுவதற்கில்லை. 1890-இல் ரோட்ஸின் கம்பெனிப் படை கொடியேற்றப் புறப்பட்டபோது சேசு சபைக் குரு ஒருவர் படையின் ஆன்ம குருவாகச் சென்றார்; நோயாளரைப் பேண தொமினிக்கன் சபைக் கன்னியரும் பின்தொடர்ந்தனர். படையில் சென்ற ஒவ்வொருவனுக்கும் 3,000 ஏக்கர் நிலம் தருவதாகக் கம்பெனி வாக்களித்திருந்தது. சாலிஸ்பரி நகருக்கு அருகே சிஷாவாஷா என்னுமிடத்தில் 1892-இல் எழுந்த முதல் மறைப்பணி நிலையமும் கம்பெனி கொடுத்த நிலத்திலேயே எழுந்தது. அந்நிலம் கம்பெனிக்கு எவ்வாறு வந்தது என்று அன்று யாரும் உரக்கக் கேட்டதாகத் தெரியவில்லை.

1896-இல் ந்டெபெலே மக்களும் ஷோனா மக்களும் கிளர்ந்தெழுந்தனர். 'சிமுரெங்கா' என்று அவர்கள் அதனை வழங்குகின்றனர். எழுச்சி அடக்கப்பட்டபின் அதன் தூண்களாகக் கருதப்பட்ட நெஹாண்டா என்னும் பெண்மணியும் காகுவி என்பவரும் 1898-இல் சாலிஸ்பரியில் தூக்கிலிடப்பட்டனர். இறுதி நேரத்தில் இருவரையும் சந்தித்த சேசு சபைக் குரு, அந்நாளின் நிகழ்ச்சிகளை எழுதி வைத்துள்ளார். காகுவி ஞானஸ்நானம் பெற்று இறந்தார். நெஹாண்டாவோ குருவை ஏற்க மறுத்து, தம் மக்களிடம் செல்ல வேண்டுமெனக் கதறியவாறே தூக்குமேடை ஏறினார். தம் எலும்புகள் மீண்டும் எழும் என்று அவர் முன்னுரைத்ததாக ஷோனா மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். எழுபது ஆண்டுகளுக்குப் பின் காட்டுக்குள் சென்ற இளைஞர்கள் அவர் பெயரைச் சொல்லியே சென்றனர்.

நிலத்தின் கணக்கு

இப்போரின் வேர் நிலம். 1930-ஆம் ஆண்டின் நிலப் பங்கீட்டுச் சட்டத்தை ஒருமுறை பார்த்தால் போதும், மற்றவை தாமே விளங்கும். அன்று அந்நாட்டில் வெள்ளையர் ஏறக்குறைய 50,000 பேர். ஆப்பிரிக்கர் பத்து லட்சத்திற்கும் மேல். நாட்டின் நிலத்தில் பாதிக்குச் சற்று மேலானது அந்த 50,000 பேருக்கு ஒதுக்கப்பட்டது. மழை வளமும் மண் வளமும் உள்ள மேட்டு நிலமும், இருப்புப் பாதை செல்லும் வழியும் பெரும்பாலும் அதற்குள் அடங்கின. மணலும் வறட்சியும் மிகுந்த பகுதிகளில் ஆப்பிரிக்கர் குவிக்கப்பட்டனர். தந்தையும் பாட்டனும் புதைக்கப்பட்ட நிலத்தில் குடியிருந்தவன், சட்டம் வந்த மறுநாள் முதல் அந்நிலத்தில் அத்துமீறி நுழைந்தவன் ஆனான். குடிசை வரி கட்டப் பணம் வேண்டுமாகையால், தன் நிலமாக இருந்த பண்ணையிலேயே கூலிக்குச் சென்றான்.

மற்ற ஆப்பிரிக்க நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்ற காலத்தில், பெரும்பான்மையோரின் ஆட்சி வந்துவிடுமோ என்றஞ்சிய வெள்ளையர் 1965-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள் இயன் ஸ்மித் என்பவரின் தலைமையில், பிரிட்டனைக் கேளாமல் தாமே தன்னாட்சி அறிவித்துக்கொண்டனர். கிறிஸ்தவ நாகரிகத்தைக் காக்கவே இதைச் செய்வதாக அந்த அரசு சொல்லிக்கொண்டது. உலக நாடுகள் அவ்வரசை ஏற்கவில்லை. ஐக்கிய நாடுகள் சபை பொருளாதாரத் தடை விதித்தது. தென்னாப்பிரிக்காவும் போர்த்துக்கீசிய மொசாம்பிக்கும் பின்வாசலைத் திறந்துவைத்தன. ஆப்பிரிக்கத் தலைவர்களான ஜோசுவா என்கோமோ, என்டபானிங்கி சிதோலே, ராபர்ட் முகாபே முதலியோர் பத்தாண்டுகள் சிறையிலும் காவலிலும் கிடந்தனர். குடாமா மறைப்பணி நிலையத்தில் சேசு சபைக் குருக்களிடம் பயின்று ஆசிரியரானவர் முகாபே. 1966-இல் அவருடைய மூன்று வயது மகன் கானா நாட்டில் இறந்தபோது, அடக்கச் சடங்குக்குச் சென்றுவர அரசு அனுமதி மறுத்தது. பிற்காலத்தில் அவர் செய்தவற்றைக் கீழே எழுதத்தான் போகிறோம். ஆயினும் இதையும் எழுதாமல் விடுவது நேர்மை ஆகாது.

ஆயர்கள் பேசத் தொடங்கினர்

திருச்சபையின் குரல் மாறியது எப்போது? உம்தாலி மறைமாவட்டத்தின் முதல் ஆயர் டொனால் லமாண்ட், 1959-இல் எழுதிய மேய்ப்புப் பணி மடலில் நிறவேற்றுமையைப் பாவம் என்று பெயர் சொல்லிக் கண்டித்தார். வட அயர்லாந்தின் பாலிகாசில் ஊரில் 1911-இல் பிறந்த கார்மேல் சபைத் துறவி இவர். 1946-இல் இந்நாட்டிற்கு வந்தவர். பேச்சில் நெருப்பு உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் மறைபரப்புப் பணி பற்றிய ஏட்டின் சுருக்கமான வரைவு முன்வைக்கப்பட்டபோது, எசேக்கியேல் கண்ட உலர்ந்த எலும்புகளை நினைவூட்டி, சதையும் உயிருமற்ற இவ்வெலும்புகளா நமக்கு வேண்டும் என்று கேட்டவர் இவரே. அந்த வரைவு திருப்பி அனுப்பப்பட்டு, பின் விரிவாக எழுதப்பட்டது.

1969-இல் வந்த புதிய நிலச் சட்டம் திருச்சபையின் வாசலுக்கே வந்து நின்றது. நாட்டின் நிலத்தை வெள்ளையருக்கும் ஆப்பிரிக்கருக்கும் சரிபாதியாகப் பிரித்ததாக அரசு பெருமை பேசியது. ஒருபுறம் இரண்டரை லட்சம் பேர், மறுபுறம் ஏறக்குறைய ஐம்பது லட்சம் பேர். இதுவே அந்தச் சரிபாதி! இன்னின்ன நிறத்தவர் இன்னின்ன இடத்தில்தான் குடியிருக்கலாம், கூடலாம் என்று அச்சட்டம் வரையறுத்ததால், ஓர் ஆப்பிரிக்கக் கன்னிகை தம் சபையின் மடத்தில் தங்குவதற்கும், பள்ளியில் ஒரு கறுப்புப் பிள்ளையைச் சேர்ப்பதற்கும் அரசின் தயவை நாட வேண்டிய நிலை உருவாயிற்று. ஆயர்கள் ஒன்றுகூடி, இதற்குக் கீழ்ப்படிய இயலாதென 1970-இல் அறிவித்தனர். பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் மூடவும் தயார் என்றனர். அரசு நேருக்கு நேர் மோதாமல் சற்றே இறங்கி வந்தது. ஆயர்களின் மடல் வாசிக்கப்பட்ட கோவில்களில் வெள்ளைக் கத்தோலிக்கர் பலர் முகம் சுளித்தனர். பங்கு நடத்தும் எந்தக் குருவும் இதைப் புரிந்துகொள்வார். முன்வரிசையில் அமர்ந்து தாராளமாகக் காணிக்கை தருவோரின் மனம் நோகுமே என்று மறையுரையின் ஒரு வாக்கியத்தை விழுங்கியதில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல நம்மால் முடியுமா?

1972-ஆம் ஆண்டு ஆயர்கள் நீதி, அமைதி ஆணையத்தை நிறுவினர். அவ்வாண்டு டிசம்பரில் வடகிழக்கே ஒரு பண்ணையைக் கெரில்லாக்கள் தாக்கியதிலிருந்து போர் முழுவீச்சில் மூண்டது. 1975-இல் மொசாம்பிக் விடுதலை பெற்றதும் கிழக்கெல்லை முழுவதும் போர்முனை ஆயிற்று. லமாண்டின் மறைமாவட்டம் அந்த எல்லையிலேதான் இருந்தது.

அந்தக் கிராமங்களின் நிலையை எவ்வாறு சொல்வது! மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இரவில் கெரில்லாக்கள் வந்து உணவு கேட்பர். கொடுக்காவிட்டால் துரோகிப் பட்டம், சில சமயம் மரணம். பகலில் படைவீரர் வந்து, உணவு கொடுத்தது யார் என்று அடிப்பர்; குடிசைகளைக் கொளுத்துவர். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் தம் ஊர்களிலிருந்து பெயர்க்கப்பட்டு, 'பாதுகாக்கப்பட்ட கிராமங்கள்' என்ற பெயரில் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டனர். வயலுக்குச் செல்லவும் மாலைக்குள் திரும்பவும் நேரம் குறிக்கப்பட்டது. ஆணையத்தார் ஊர் ஊராகச் சென்று, அடிபட்டவரின் வாக்குமூலங்களைத் தொகுத்து 1975-இல் நூலாக வெளியிட்டனர். நடுவில் அகப்பட்ட மனிதன் என்பதே அதன் தலைப்பு. கெரில்லாக்களின் கொடுமைகளையும் அது மறைக்கவில்லை.

உம்தாலி நீதிமன்றத்தில்

இப்போது நம் கட்டுரையின் தலைப்புக்கு வருவோம். எல்லையோரத்து மறைப்பணி மருந்தகம் ஒன்றில் பணியாற்றிய கன்னியரிடம் 1976-இல் ஆயுதம் தாங்கிய ஆடவர் வந்து மருந்து கேட்டனர். கன்னியர் கொடுத்தனர். அத்தகையோர் வந்ததை உடனே அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அறிவிக்கத் தவறுவோருக்குக் கடுந்தண்டனை. அறிவித்தாலோ, கெரில்லாக்கள் பழிவாங்குவர். நோயாளரும் அதன்பின் அந்த வாசலை மிதியார். என்ன செய்வது என்று கன்னியர் தம் ஆயரைக் கேட்டனர். வருகிறவன் யார், எந்தக் கட்சி, எந்த நிறம் என்று கேளாமல் கேட்பவனுக்கு மருந்து கொடுங்கள். அரசுக்கு அறிவிக்க வேண்டாம். பொறுப்பு என்னுடையது என்பதே ஆயரின் விடை.

அன்பர்களே, இவ்விடத்தில் நாம் சற்றே நிற்க வேண்டும். சட்டத்தை மதிக்கவே திருச்சபை நமக்குக் கற்பிக்கிறது. நாமும் சிறுவர்களுக்கு அவ்வாறே கற்பிக்கிறோம். அந்த மருந்தைப் பெற்றுச் சென்றவன் மறுநாள் ஒரு பண்ணை வீட்டில் குழந்தைகளைச் சுட்டிருக்கலாம் அன்றோ? கேள்வி எளிதானதன்று. லமாண்டும் எளிதாக எண்ணவில்லை. வன்முறையை அவர் எந்நாளும் வாழ்த்தியதில்லை. ஆனால் காயம்பட்டவனைக் காட்டிக்கொடுக்கும் இடமாக மருத்துவமனை மாறக் கூடாது என்பதில் அசையவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் ரொடீசியப் படையினர் எல்லை தாண்டி, மொசாம்பிக்கில் ந்யாட்சோன்யா என்னுமிடத்து முகாமில் புகுந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றனர். ஒருசில நாட்களுக்குள் லமாண்ட், பிரதமர் ஸ்மித்துக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். நாட்டில் சிந்தும் இரத்தத்துக்கு உம் அரசின் அநீதியே முதற்காரணம் என்பது அதன் சாரம்.

வழக்கு வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டார். குற்றவாளிக் கூண்டில் நின்று, நீதிபதியின் முன் நெடுநேரம் உரையாற்றினார். அரசின் மீதான குற்றப்பத்திரிகை போலவே அது அமைந்தது. 1976 அக்டோபர் 1-ஆம் நாள் பத்தாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டது. பின், குடியுரிமையைப் பறித்து, 1977 மார்ச்சில் நாடு கடத்தினர். ஆயரைச் சிறையில் வைத்திருப்பதைவிட விமானத்தில் ஏற்றிவிடுவது தொல்லை குறைவு என்று அரசு கருதியது போலும்!

அவ்வாண்டு ஆகஸ்டில் ஆணையத்தின் செய்தித் தொடர்பாளராயிருந்த மேரிநோல் சபைக் கன்னிகை, அமெரிக்கரான ஜேனிஸ் மெக்லாக்லின் சிறை வைக்கப்பட்டு, பின் அவரும் வெளியேற்றப்பட்டார். அவர் மொசாம்பிக் சென்று அங்கிருந்த அகதிகளுக்கிடையே உழைத்தார். நாடு விடுதலை பெற்றபின் திரும்பிவந்து கல்விப் பணி ஆற்றினார். கிராமத்து மறைப்பணி நிலையங்கள் போர்க்காலத்தை எவ்வாறு கடந்தன என்று ஆய்ந்து நூலும் எழுதினார். 2021-இல் இறைவனடி சேர்ந்தார்.

சிந்திய இரத்தம்

வெளியேற்றப்பட்டவர்கள் பேறுபெற்றவர்கள் என்றே சொல்ல வேண்டும். 1976 டிசம்பர் 5-ஆம் நாள், ஓய்வுபெற்ற புலவாயோ ஆயர் அடோல்ஃப் ஷ்மிட், லுபானே அருகே வழிமறிக்கப்பட்டு, உடன் சென்ற ஒரு குருவோடும் ஒரு கன்னிகையோடும் சுட்டுக் கொல்லப்பட்டார். 1977 பிப்ரவரி 6-ஆம் நாள் ஞாயிறு இரவு மூசாமி புனித சின்னப்பர் மறைப்பணி நிலையத்தில் சேசு சபையினர் மூவரும் தொமினிக்கன் கன்னியர் நால்வரும் வரிசையாக நிறுத்திச் சுடப்பட்டனர். கெரில்லாக்களே செய்தனர் என்றது அரசு. கெரில்லா வேடமிட்ட அரசுப் படையினரே செய்தனர் என்றனர் மற்றவர். அவ்வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

இவர்களுள் ஒருவரைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறோம். ஜான் பிராட்பர்ன் குருவும் அல்லர், துறவியும் அல்லர். பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையைச் சேர்ந்த இல்லறமேற்காத பொதுநிலையினர். ஆங்கிலிக்கக் குரு ஒருவரின் மகன். இரண்டாம் உலகப்போரில் நம் நாட்டின் கூர்க்கா படையில் அதிகாரியாயிருந்து, மலாயாவிலும் பர்மாவிலும் போரிட்டவர். அதன்பின் மனம் மாறிக் கத்தோலிக்கரானார். எங்கும் நிலைகொள்ளாமல் பல நாடுகள் சுற்றியபின், 1969-இல் முதோகோ அருகே முதெம்வா தொழுநோயாளர் குடியிருப்பைக் காணச் சென்றார். கூரை பொத்தல், புண்ணில் ஈ, கேட்பாரற்ற மனிதர்கள். அங்கேயே தங்கிவிட்டார். அவர்களைக் குளிப்பாட்டினார், புண் கழுவினார், இறந்தவரைத் தம் கையால் அடக்கம் செய்தார். நோயாளரின் கழுத்தில் பெயருக்குப் பதிலாக எண் பொறித்த வில்லையைத் தொங்கவிட வேண்டும், ரொட்டியைக் குறைக்க வேண்டும் என்று நிர்வாகத்தார் சொன்னபோது மறுத்தார், பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். நீக்கினால் என்ன! வேலிக்கு வெளியே ஒரு தகரக் குடிசையில் குடியேறி, தம் நண்பர்களைத் தொடர்ந்து பார்த்துவந்தார். அவர்கள் ஒவ்வொருவர் மீதும் கவிதை எழுதினார்.

1979 செப்டம்பர் 2-ஆம் நாள் இரவு, அவரை உளவாளி என்று ஐயுற்ற இளைஞர்கள் கடத்திச் சென்று கெரில்லாக்களிடம் ஒப்படைத்தனர். அவரை அறிந்த கெரில்லாத் தலைவர், உயிர் பிழைக்க மொசாம்பிக் சென்றுவிடும்படி வாய்ப்பளித்ததாகவும், தம் தொழுநோயாளரிடமே திரும்ப வேண்டும் என்று இவர் சொல்லிவிட்டதாகவும் கூறுகின்றனர். 5-ஆம் நாள் அதிகாலையில் சாலையோரத்தில் சுடப்பட்டுக் கிடந்தார். விடுதலைக்காகப் போராடியவர்களின் கையிலேயே இவர் மாண்டார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. போர் நீதியானது என்பதற்காக அதில் நடந்த ஒவ்வொரு கொலையும் நீதியாகிவிடாது. 1978-இலும் 1979-இலும் பயணிகள் விமானங்கள் இரண்டைக் கெரில்லாக்கள் வீழ்த்தினர். முதல் விமானத்தில் உயிர் தப்பிய பத்துப் பேரைத் தரையிலும் சுட்டனர்.

ஆயிரம் ஆண்டுகளுக்கும் பெரும்பான்மை ஆட்சி வராதென்று 1976 மார்ச்சில் சொன்ன ஸ்மித், நான்கே ஆண்டுகளில் அதைக் கண்ணால் கண்டார். 1979 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை இலண்டன் லங்காஸ்டர் மாளிகையில் பேச்சு நடந்தது. 100 இடங்களில் 20 வெள்ளையருக்கு என்றும், பத்தாண்டுகளுக்கு, விற்க விரும்புவோரிடமிருந்து மட்டுமே விலை கொடுத்து நிலம் வாங்கலாம் என்றும் உடன்பாடு ஏற்பட்டது. எந்த நிலத்துக்காகப் போர் மூண்டதோ, அந்த நிலத்தின் கேள்வி அவ்வாறு ஒத்திவைக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் வன்முறையோடு பண்ணைகள் பறிக்கப்பட்டபோது அது வட்டியும் முதலுமாக வந்து நின்றது. 1980 பிப்ரவரித் தேர்தலில் முகாபேயின் கட்சிக்கு 57 இடங்கள். ஏப்ரல் 18-ஆம் நாள் ஜிம்பாப்வே பிறந்தது. பழைய பகையை மறப்போம் என்று புதிய பிரதமர் ஆற்றிய உரை உலகின் மனத்தைக் கவர்ந்தது. லமாண்டும் திரும்பிவந்தார், ஆனால் நீண்டநாள் இருக்கையில் அமரவில்லை. மண்ணின் மைந்தர் ஒருவர் ஆயராக வர வழிவிட்டு விலகி, அயர்லாந்து சென்று, 2003-இல் காலமானார்.

வெற்றிக்குப் பின்

1983 தொடக்கத்தில், வட கொரியரிடம் பயிற்சி பெற்ற ஐந்தாம் படைப்பிரிவு மடாபெலேலாந்துப் பகுதிக்குள் அனுப்பப்பட்டது. ஆயுதமேந்திய கலகக்காரரை ஒடுக்க என்று சொல்லப்பட்டது. மாண்டவரோ பெரும்பாலும் ந்டெபெலே கிராமத்தார். தொகை 20,000 வரை இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. முன்பு வெள்ளை அரசைப்பற்றி வாக்குமூலம் திரட்டிய அதே ஆணையம், அதே குறிப்பேடுகளோடு மீண்டும் ஊர்களுக்குள் சென்றது. அவ்வாண்டு பாஸ்கா காலத்தில் ஆயர்கள் அரசைக் கண்டித்து மடல் வெளியிட்டனர். நேற்றுவரை நம்மோடு நின்றவர்கள் இன்று நம்மை எதிர்க்கிறார்களே என்று ஆட்சியினர் சினந்தனர். எதிரியின் குற்றத்தைச் சொல்வதைவிட, நாம் வாழ்த்தி அனுப்பிய நண்பனின் குற்றத்தைச் சொல்வது கடினம். ஆணையத்துக்குள்ளும் ஆயர்களுக்குள்ளும் தயக்கம் இல்லாமலில்லை. மற்றொரு சட்ட உதவி நிறுவனத்தோடு சேர்ந்து அவர்கள் தயாரித்த முழு அறிக்கை 1997-இல்தான் முடிவுற்றது. மௌனத்தைக் கலைத்தல் என்று அதற்குப் பெயரிட்டனர். அதன் படி ஒன்று குடியரசுத் தலைவர் முகாபேயிடம் கொடுக்கப்பட்டது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை.

2017 நவம்பரில் தம் படையினராலேயே பதவியிலிருந்து இறக்கப்பட்டார் முகாபே. 2019 செப்டம்பர் 5-ஆம் நாள், பிராட்பர்ன் மாண்ட நாற்பதாம் ஆண்டு நினைவு நாளில், முதெம்வா மலையடிவாரத்தில் பல்லாயிரவர் கூடிய திருப்பலியோடு அவருக்குப் புனிதர் பட்டம் அளிப்பதற்கான விசாரணை தொடங்கிற்று. மறுநாள், செப்டம்பர் 6, சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றில் முகாபே தம் 95-ஆம் வயதில் உயிர் நீத்தார். அம்மாத இறுதியில் குடாமாவில், அவர் சிறுவனாய்ப் பள்ளி சென்ற ஊரிலேயே, திருப்பலிக்குப்பின் அவரை அடக்கம் செய்தனர்.